டொக்டர் எழுதிய பரு ஜெல்லா, அதே மருந்தின் விலை குறைந்த டியூபா?

போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பின்னேரம், கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் திருகோணமலையில் நான் வேலை செய்யும் பார்மசிக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேசையில் வைத்தார். வாலிலிருந்து கழுத்து வரைக்கும் இறுக்கிச் சுருட்டி, பிறகு கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து எடுத்திருந்தார்கள். "தங்கச்சி, இதே மருந்து கொஞ்சம் விலை குறைச்சலா இருக்கா? மகளுக்கு முகம் இப்பதான் நல்லா வருது. நிப்பாட்டவும் மனசில்ல, வாங்கவும் ஏலாம இருக்கு" என்றார்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிப் போன நாளிலிருந்து இந்தக் கேள்வியை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். திருகோணமலை நகரத்துப் பிள்ளைகள், உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் தம்பிமார், கல்யாணம் நெருங்கிய பெண்பிள்ளைகள். மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில், "ஓம், மாறலாம்" என்பது. ஆனால் எல்லோருக்கும் அதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

## எது "அதே மருந்து"?

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று மருந்தின் சொந்தப் பெயர், அதாவது பொதுப்பெயர். மற்றது கொம்பனி வைத்த பெயர். பருவுக்கு டொக்டர்மார் அதிகம் எழுதும் ஜெல்லின் பொதுப்பெயர் அடாபலீன். கால்டெர்மா நிறுவனம் அதை டிஃபெரின் என்ற பெயரில் விற்கிறது. அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்த மருந்து. காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல கொம்பனிகள் அதே அடாபலீனைத் தங்கள் தங்கள் பெயரில் செய்கின்றன. இந்தியாவின் கிளென்மார்க் செய்வதற்கு டெரிவா என்று பெயர். 2016இல் அமெரிக்கா 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லை மருந்துச் சீட்டில்லாமலே விற்க அனுமதித்தது. 0.3 சதவீதத்துக்கு அங்கே இன்னும் சீட்டு வேண்டும்.

பொதுப்பெயர் மருந்து எங்கள் நாட்டுக்குப் புதிய சங்கதி இல்லை. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியதே இந்த எண்ணத்தில்தான்: நாடு மருந்துக்குக் காசு கொடுக்கட்டும், பெயருக்குக் கொடுக்க வேண்டாம். ஒசுசல கடைகள் அந்த மரத்தின் கிளைகள். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் டொக்டர் சீட்டில் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் சீட்டில் கொம்பனிப் பெயர் மட்டும் இருந்தால், "பொதுப்பெயரையும் எழுதித் தாங்க டொக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

மலிவு மருந்து என்றால் சனத்துக்குப் பயம் இருப்பதும் எனக்கு விளங்குகிறது. 2023இல் இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வெளிவந்தபின் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் அது போலி மருந்தின் கதை. மலிவான மருந்து வேறு, போலி மருந்து வேறு. போலிக்காரன் விலை கூடிய பெயரையும்தான் போலி செய்வான். பதிவு பெற்ற மருந்தா, இறக்குமதியாளர் பெயரும் விலையும் பெட்டியில் இருக்கின்றனவா என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் பொது.

## முடிவெடுக்க முன் பார்க்க வேண்டியவை

மருந்தும் சதவீதமும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அடாபலீன் 0.1 என்றால் அடாபலீன் 0.1. இதில் வழுக்குமிடம் ஒன்று இருக்கிறது. இந்தியக் கொம்பனிகள் ஒரே பெயரின் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு மருந்தாக விற்பார்கள். டெரிவா என்றால் அடாபலீன் மட்டும். டெரிவா-சி என்றால் கூடவே கிளிண்டாமைசின் என்ற அன்டிபயோடிக். டெரிவா பிபிஓ என்றால் கூடவே பருக் கிருமியைக் கொல்லும் பென்சோயில் பெரொக்சைட். அவசரத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

அடிப்படை. மருந்தைச் சுமந்து வரும் பசை இது. 0.1 சதவீதம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. மிச்சம் 999 பங்கும் வேறு சாமான். டிஃபெரின் ஜெல்லில் அது தண்ணீர், கார்போமர், புரொப்பிலீன் கிளைக்கோல், மெத்தில்பரபென் போன்றவை. இன்னொரு கொம்பனி அதே அடாபலீனை வேறு பசையில் கலக்கலாம். மாத்திரை என்றால் விழுங்கியபின் இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்கலாம். பூசும் ஜெல்லில் இரத்தத்துக்குள் போவது மிகமிகச் சொற்பம், அந்த அளவுகோல் இங்கே உதவாது. நோயாளிகளிடம் இரண்டையும் பூசிப் பார்த்து ஒப்பிட வேண்டும், அல்லது பசையின் சேர்மானமும் அமைப்பும் ஒன்றுதான் என்று ஆய்வுகூடத்தில் காட்ட வேண்டும். ஆகவே "பேரை மாத்தின பிறகு எரியுது அக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை மனப்பிரமை என்று நான் தள்ளிவிடுவதில்லை. மருந்து மாறவில்லை, பசை மாறியிருக்கலாம். ஜெல்லுக்குப் பதில் கிறீம் எடுத்தாலும் இதே கதைதான். பொதுவாக ஜெல் காய்ச்சும், எண்ணெய் வழியும் முகத்துக்கு நல்லது. கிறீம் மெதுவானது, வறண்ட முகத்துக்கு நல்லது.

சூடு. கொழும்பில் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எங்களுக்கு இதுதான் பெரிய விசயம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது தகரக் கூரை வீட்டில் பகல் முழுக்க அடுப்புப் போல இருக்கும். பல டியூப்களில் "25 பாகைக்குக் கீழே வைக்கவும்" என்று அச்சடித்திருக்கும். திருகோணமலையில் அந்தக் காலத்தில் 25 பாகை விடியச் சாமத்தில்கூடக் கிடைப்பது கஷ்டம். மிதமான நாடுகளுக்கான மருந்தை 25 பாகையிலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பார்கள். எங்களைப் போன்ற வெக்கையும் ஈரமுமான நாடுகளுக்கு 30 பாகை, அதைவிடக் கூடிய ஈரப்பதம். ஆக, "30 பாகைக்குக் கீழே" என்று எழுதிய விலை குறைந்த டியூப், லண்டனிலிருந்து வந்த 25 பாகை டியூபைவிட எங்கள் ஊருக்குப் பொருந்தும். மாறுவதற்கு ஒரு நல்ல காரணமாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பென்சோயில் பெரொக்சைட் சேர்ந்த எதற்கும் சூடு இன்னும் கெடுதல். வெப்பத்தில் அது சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் உண்டாகலாம் என்று 2024இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுகூடம் எச்சரித்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 95 பொருட்களைச் சோதித்து, 2025இல் முடிவைச் சொன்னது: பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகச் சொற்பம். ஒரு சிலவற்றைச் சந்தையிலிருந்து மீளப் பெற்றார்கள். பதற வேண்டியதில்லை. ஆனால் மோட்டர் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும், பஸ் ஜன்னலோரம் வைத்த பைக்குள்ளும், பாத்ரூம் தட்டிலும் டியூபை வைக்க வேண்டாம்.

மாதச் செலவு. டியூபின் விலையைப் பார்க்காதீர்கள், கிராமின் விலையைப் பாருங்கள். இதைக் கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

தொடர்ந்து கிடைக்குமா. அடாபலீன் வேலை செய்கிறதா என்று தெரியவே 12 கிழமை வேண்டும். முகம் தெளிந்தபின்னும் பல மாதம் பூச வேண்டியிருக்கும். இடையில் ஒரு மாதம் விட்டால் பரு திரும்பி வரும். அது ஆறும்போது எங்கள் நிறத்துத் தோலில் கறுப்பு அடையாளம் விட்டுப் போகும், அது மறையப் பல மாதம் எடுக்கும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூடிய மதிப்பு. நல்ல டியூபைப் பாதி வருடம் பூசி நிறுத்துவதைவிட, சுமாரான டியூபை இடைவிடாமல் பூசுவது மேல்.

## ஒரு பார்வையில்

| | முதல் கொம்பனி டியூப் (டிஃபெரின் போல) | அதே மருந்து, வேறு பெயர் | கூட்டு ஜெல்லை (இரண்டு மருந்து சேர்ந்தது) பிரித்து இரண்டு டியூப் | அரச ஆஸ்பத்திரி கிளினிக் |
|---|---|---|---|---|
| மருந்து ஒத்துப்போதல் | சந்தேகமில்லை | சின்ன எழுத்தைப் பார்த்து வாங்கினால் சரி | சரி, சதவீதத்தில் கவனம் | டொக்டரே தீர்மானிப்பார் |
| பசை | பழகியது | மாறலாம் | இரண்டும் மாறும் | இருப்பைப் பொறுத்தது |
| காசு | கூட | குறைவு | பெரும்பாலும் குறைவு | மருந்துக்கு இல்லை |
| மறைந்த செலவு | காசு முடிந்ததும் இடையில் நிறுத்துவது | எரிந்தால் மொய்ஸ்சரைசர் | மறதி, வெளுத்த தலையணை உறை | ஒரு நாள் வேலை, பஸ் காசு |
| யாருக்கு | எரியும் தோல், நாள் நெருங்கிய மணப்பெண் | நீண்டநாள் பூசுபவர் | ஒழுங்காகப் பூசும் பழக்கமுள்ளவர் | கட்டிப் பரு, தழும்பு விழுபவர் |

## முதல் கொம்பனி டியூபிலேயே இருப்பது

சிலரிடம் நான் "மாறாதீங்க" என்றே சொல்வேன். சின்ன வயதிலிருந்து கரப்பன் உள்ள தோல். ஏற்கெனவே இரண்டு மூன்று கிறீமுக்குத் தடித்துச் சிவந்தவர்கள். பூசத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள். தொடக்கத்தில் முதல் மூன்று நான்கு கிழமை யாருக்கும் முகம் காயும், உரியும், லேசாக எரியும். அந்த நேரத்தில் டியூபையும் மாற்றினால் எரிவது மருந்தாலா, பசையாலா என்று எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

நாள் குறித்தவர்களும் அப்படித்தான். கல்யாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது மாற வேண்டாம். அந்தக் காலத்தில் முகத்துக்கு வெக்சிங்கும் வேண்டாம். அடாபலீன் பூசிய தோல் மெழுகோடு சேர்ந்து உரிந்து வரும்.

இந்தத் தெரிவின் மறைந்த செலவு சிக்கனம்தான். விலை கூடியது என்பதால் சனம் மிச்சம் பிடிக்கும். முகம் முழுக்கப் பூச வேண்டியதைப் பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பார்கள். அடாபலீன் இருக்கிற பருவைவிட வரப்போகிற பருவைத்தான் தடுக்கிறது. புள்ளி வைத்தால் பாதி வேலைதான் நடக்கும். அந்த டியூபுக்குக் கொடுத்த காசிலும் பாதி வீண்.

## அதே மருந்து, வேறு பெயர்

பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் வழி இது. அடாபலீன் ஒன்று மட்டும் உள்ள 0.1 சதவீத ஜெல் என்றால் யோசிக்க அதிகம் இல்லை. அது உறுதியான மூலக்கூறு. வெளிச்சத்துக்கும் பென்சோயில் பெரொக்சைட்டுக்கும் எளிதில் சிதையாது. முகம் தெளிந்து, அதைக் காப்பாற்ற மட்டும் பூசுகிறவர்கள் தாராளமாக மாறலாம். முதுகிலும் நெஞ்சிலும் பரு உள்ளவர்களும் அப்படித்தான், அவர்களுக்கு டியூப் டியூபாகக் கரையும்.

இப்போது கணக்கு. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, கடை விலை இல்லை. ஒரு கொம்பனியின் 30 கிராம் டியூப் 3,600 ரூபா. வேறு பெயர் டியூப் 15 கிராம், 1,500 ரூபா. பார்த்தவுடன் "பாதியைவிடக் குறைவு" என்று கை நீளும். கிராமுக்குப் பாருங்கள்: 120 ரூபாவும் 100 ரூபாவும். முகத்துக்கு ஒரு இரவுக்கு அரைக் கிராம் போதும். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு. மாதம் 15 கிராம். ஆக மாதச் செலவு 1,800 எதிர் 1,500. மிச்சம் 300 ரூபாதான். புதிய பசை காய்ச்சி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 600 ரூபாவுக்கு மொய்ஸ்சரைசர் வாங்கினால் அந்த 300உம் போய்விடும். ஆனால் 30 கிராம் 1,800 ரூபாவுக்கு இன்னொரு பெயர் இருந்தால் மாதம் 900. பாதிச் செலவு. மாறுவதென்றால் அதற்கு மாறுங்கள்.

பார்மசியில் கேட்கும்போது "மலிவா ஒன்று தாங்க" என்று கேட்காதீர்கள். "அடாபலீன் 0.1 ஜெல், என்னென்ன பெயரில் இருக்கு, எத்தனை கிராம், என்ன விலை?" என்று கேளுங்கள். சொல்லுவது எங்கள் கடமை. அப்புறம் இன்னொன்று: "இது அடுத்த மாதமும் இருக்குமா?" நல்ல பார்மசிக்காரர் உண்மையைச் சொல்வார். மாதத்துக்கொரு பெயராக மாறி மாறிப் பூசுவதைத்தான் நான் பயப்படுகிறேன். ஒருமுறை மாறுங்கள், பிறகு அதிலேயே நில்லுங்கள்.

## கூட்டு ஜெல்லைப் பிரிப்பது

சிலருக்கு டொக்டர் கூட்டு ஜெல் எழுதியிருப்பார். எபிடுவோ என்பது அடாபலீன் 0.1, பென்சோயில் பெரொக்சைட் 2.5 சேர்ந்தது. டுவாக் என்பது கிளிண்டாமைசினும் பென்சோயில் பெரொக்சைட்டும் சேர்ந்தது. கூட்டு ஜெல் விலை கூட. "இரண்டையும் தனித்தனியா வாங்கினால்?" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள்.

அடாபலீன் கூட்டு என்றால் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரிக்கலாம். காலையில் பென்சோயில் பெரொக்சைட், இரவில் அடாபலீன். ஒரு நன்மையும் உண்டு. எரிந்தால் ஒன்றை மட்டும் குறைக்கலாம். சதவீதத்தில்தான் பிசகுவார்கள். 2.5 இல்லை என்று 10 வாங்கிப் போவார்கள். 10 சதவீதம் நாலு மடங்கு வேலை செய்யாது. முகப்பருவுக்கு ஏறக்குறைய அதே பலன்தான், எரிச்சல்தான் கூடும். 2.5 அல்லது 5க்கு மேலே போகாதீர்கள்.

பென்சோயில் பெரொக்சைட் துணியை வெளுக்கும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உவர்மலையில் ஒரு தாய், மகனின் நீலத் தலையணை உறையைப் பார்மசிக்கே கொண்டுவந்து விரித்துக் காட்டினார். கன்னம் படும் இடம் மட்டும் செம்மஞ்சளாக, கைக்குட்டை அளவுக்கு. சவர்க்காரத்தில் ஏதோ பிழை என்று மூன்று சவர்க்காரம் மாற்றியிருந்தார் பாவம். வெள்ளை உறையும் வெள்ளைத் துவாயும் போதும்.

கிளிண்டாமைசின் கூட்டைப் பிரிப்பது எனக்கு விருப்பமில்லை. பிரித்தால் பலர் எரியாத டியூபை மட்டும் பூசுவார்கள். அது கிளிண்டாமைசின். அன்டிபயோடிக்கைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பருக் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு அது வேலை செய்யாது. கூட்டாக வாங்கினால் குளிரைப் பற்றிக் கேளுங்கள். டுவாக் போன்றவை கடையில் பிரிட்ஜில் இருக்க வேண்டியவை. விற்றபின் 25 பாகைக்குக் கீழே இரண்டு மாதம் தாங்கும். வேறு பெயர்க் கூட்டு ஜெல்லுக்கு வேறு விதி இருக்கலாம். கடையின் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தந்தார்களா, சாதாரணத் தட்டிலிருந்து எடுத்தார்களா என்று கண்ணால் பாருங்கள். மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ போகிறவர்கள் வெயிலேற முன் வாங்கிப் போங்கள், அல்லது வீடு திரும்பும்போது கடைசியாக வாங்குங்கள்.

## அரச ஆஸ்பத்திரி

காசில்லாமல் பார்க்கலாம், தோல் டொக்டரைக் காணலாம். மருந்து இருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் வெளியே வாங்க எழுதித் தருவார்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு காலை முழுக்க வரிசையில் நிற்பது சும்மா இல்லை. அந்த நாள் சம்பளத்தில் ஒரு டியூப் வாங்கலாம். சாதாரணப் பருவுக்கு இது மலிவா என்பது உங்கள் நாளின் விலையைப் பொறுத்தது.

ஆனால் தோலுக்கடியில் நோகும் கட்டி, சீழ், குழித் தழும்பு என்றால் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு நேரே அங்கே போங்கள். அதற்கு எந்த டியூபை எதற்கு மாற்றியும் பயனில்லை. மாத்திரை வேண்டியிருக்கலாம். அதிலும் ஐசோட்ரெடினோயின் இரத்தப் பரிசோதனையோடு டொக்டரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது. கர்ப்பத்தில் கருவுக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும்.

## வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல்

இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் இதை ஒரு தெரிவாகவே நான் எண்ணவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் மாமியோ சித்தப்பாவோ லண்டனில், கட்டாரில், ரொறன்ரோவில் இல்லாத வீடு எது? ஒரு தங்கச்சி மூன்று மாதம் டிஃபெரின் பூசியும் மாற்றமில்லை என்று வந்தாள். டியூபைக் கொண்டுவரச் சொன்னேன். பெயர் டிஃபெரின்தான். ஆனால் அது அதே பெயரில் வரும் மொய்ஸ்சரைசர். உள்ளே அடாபலீன் இல்லை. அனுப்பிய மாமியும் பாவம், பெயரைப் பார்த்துத்தானே வாங்கினார். பார்சல் வருவதென்றால் பொதுப்பெயரையும் சதவீதத்தையும் துண்டில் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். ஒரு முறைக்குச் சரி. அடுத்த மாமி எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டு மருந்து பூச முடியாது.

## மாற்று என்று தந்தால் வாங்கக் கூடாதவை

ட்ரெடினோயின், அடாபலீனின் மாற்று அல்ல. ஒரே குடும்பம், வேறு மருந்து. எரிச்சல் கூட, வெளிச்சத்தில் சிதையும், பென்சோயில் பெரொக்சைட்டோடு ஒரே நேரத்தில் பூசினால் கெட்டுப்போகும். டொக்டர் மாற்றி எழுதினால் பூசலாம், கடைக்காரர் மாற்றித் தந்தால் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகனுக்கு வேறோர் ஊரில் ஒரு கடையில் இப்படித்தான் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். உயர்தரப் பரீட்சை நேரம். ஒரு கிழமையில் கன்னம் இரண்டும் வெந்து உரிந்து, அந்தக் கறுப்பு மறைய எட்டு மாதம் எடுத்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம்.

அதைவிட மோசம் "பருவும் போகும், வெள்ளையும் வரும்" என்று விற்கும் கிறீம்கள். சிலவற்றில் ஸ்டீரொயிட், சிலவற்றில் பாதரசம். முதல் இரண்டு கிழமை முகம் பளபளக்கும். நிறுத்தியதும் முன்பைவிடக் கூடுதலாகப் பரு கொப்புளிக்கும், தோல் மெலியும். லேபலில் உள்ளிருப்பது எழுதாத எதையும் முகத்தில் பூசாதீர்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயற்சிப்பவர்களும் அடாபலீன், ட்ரெடினோயின் இரண்டையும் விட வேண்டும். அசெலாயிக் அசிட் கிறீம் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். கர்ப்பத்திலும் பூசலாம், கறுப்பு அடையாளத்துக்கும் நல்லது.

## மாறும் இரவு

பழைய டியூப் முற்றாக முடிய முன் புதியதை வாங்கிவிடுங்கள். ஒரு கிழமைக்குப் பழையது இருக்க வேண்டும். முதல் மூன்று இரவும் புதியதைக் காதுக்குக் கீழே, தாடையோரம் மட்டும் பூசுங்கள், முகத்துக்குப் பழையதே போகட்டும். தடிப்போ அரிப்போ இல்லையென்றால் நாலாம் இரவிலிருந்து முகத்துக்கு, ஒன்றுவிட்ட ஒரு நாள். இரண்டு கிழமைக்குப் பிறகு தினமும். முகம் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் பூசுங்கள். ஈரத்தில் பூசினால் எரியும்.

லேசாகக் காய்வது சரி. கண்ணிமை வீங்கினாலோ, கொப்புளம் போட்டாலோ, சிவப்பு ஒரு கிழமைக்கு மேல் நின்றாலோ நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். பகலில் சன்ஸ்கிறீன், இல்லாவிட்டால் குடையாவது. ஆடி அமாவாசைக்குக் கடலில் தீர்த்தமாடப் போகிறவர்கள் அதற்கு இரண்டு மூன்று இரவு முன்பே ஜெல்லை நிறுத்திவைத்தால் உப்புத் தண்ணீர் முகத்தைச் சுடாது.

கிண்ணியாத் தாய்க்கு 30 கிராம் டியூப் ஒன்று கொடுத்தேன். அதே அடாபலீன், அதே 0.1, பெட்டியில் 30 பாகை. திறந்த திகதியைப் போல்பொயின்ட் பேனையால் டியூபின் வாலில் எழுதச் சொன்னேன். அவர் போய் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மகளே வந்தாள். வெட்டாத டியூப், வாலில் திகதி. "அக்கா, இதே பேர்ல இன்னொன்டு" என்றாள்.